சொல்லும் தாளமும்: ரசிகர் பாடற்காட்சிகளின் நாற்பது ஆண்டுகள்

திரைப்பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு வேறிடத்துக் காட்சிகளை வெட்டிச் சேர்த்துத் தமக்கென ஒரு பாடற்காட்சியை ஆக்கிக்கொள்ளும் ரசிகர்களை நம் இலக்கிய இதழ்கள் பொருட்படுத்துவதில்லை. இளைஞர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் கடந்த நாற்பது ஆண்டுகளில் இக்கலையின் பாணி ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போயிருக்கிறது. பாட்டின் சொல்லுக்குப் படம் காட்டியவர்கள், இன்று பாட்டின் தாளத்துக்குப் படம் வெட்டுகிறார்கள்.

சிதம்பரத்தை அறிந்தவர்களுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் 108 கரணங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கையும் காலும் இசைந்து எழும் அசைவே கரணம். அது நிருத்தத்தைச் சார்ந்தது. எந்தச் சொல்லுக்கும் உரை கூற வந்ததன்று. சொல்லின் பொருளை முகத்தாலும் கையாலும் உணர்த்துவது அபிநயம். இவ்விரண்டு சொற்களையும் கைவிளக்காகக் கொண்டால் ரசிகர் தொகுப்புகளின் வரலாறு தெளிவாகத் தெரியும்.

மேலைநாட்டில் இதன் தொடக்கத்தை 1975-இல் வைப்பர். அமெரிக்க ரசிகை காண்டி ஃபாங், 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் படவில்லைகளை ஒரு பாட்டோடு இணைத்துத் திரையிட்டார். 1982-இல் ஜிம் கபோஸ்டாஸ் என்னும் இளைஞர் இரண்டு வீடியோ பதிவுக் கருவிகளை இணைத்து, ஜப்பானியக் கேலிச்சித்திரத் தொடர் ஒன்றின் கொடிய போர்க்காட்சிகளைப் பீட்டில்ஸ் குழுவின் அன்புப் பாடலுக்குப் பொருத்தினார். சொல் அன்பைப் பேச, படம் அழிவைக் காட்டியது. முரணாயினும் அதுவும் பொருளை நோக்கிய வெட்டுதான்.

நம் ஊர்களில் தொடக்கம் வேறு விதமானது. எண்பதுகளில் கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒலிநாடாக் கடைக்குப் போகிறவர் வெற்றுநாடாவோடு ஒரு பாட்டுப் பட்டியலையும் நீட்டுவார். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று அவர் செய்த தேர்வே இக்கலையின் முதற்படி எனலாம். அடுத்த படி கல்யாண வீடியோ. மணமகள் படியிறங்கும்போது இளையராஜாவின் பாட்டு ஒலிக்கும். பாட்டில் பூ வந்தால் திரையில் ரோஜா விரியும். நிலா வந்தால் வட்டத்துக்குள் மணமகள் முகம் தோன்றும். மிக்சர் கருவி தந்த இதய வடிவமும் பக்கம் புரள்வதும் அக்காலத்து அணியிலக்கணம். சொல்லுக்குச் சொல் படம் என்பதே விதி. நாம் இன்று அதைக் கண்டு சிரிக்கலாம்; ஆனால் பதவுரை எழுதிப் பழகிய மரபுக்கு அது அயலானதன்று.

கணினி வந்தபோதும் இவ்விதி உடனே மாறவில்லை. 2000-இல் விண்டோஸோடு வந்த மூவி மேக்கர், அடுத்த ஆண்டின் எக்ஸ்பி பதிப்பு வழியே பரவலாயிற்று. நகரும் படங்களைக் கையாள அன்றைய கணினிகள் திணறியதால், நிழற்படங்களே ஒன்றன்பின் ஒன்றாய்க் கரைந்து மறைந்தன. 2005-இல் யூடியூப் தொடங்கிய பின்னரே பெரும் திருப்பம் நேர்ந்தது. ஒரு நடிகரின் பாட்டுக்கு இன்னொரு நடிகரின் ஆட்டத்தைப் பொருத்தும் தொகுப்புகள் பெருகின. நகைச்சுவைக்காகவோ ரசிகர் சண்டைக்காகவோ செய்யப்பட்டாலும், அவற்றின் வெற்றி ஒரே இடத்தில் இருந்தது: கால் தரையில் படும் கணமும் மேளம் விழும் கணமும் ஒன்றாக வேண்டும். தொகுப்பவரின் கவனம் சொல்லைவிட்டுத் தாளத்துக்கு நகர்ந்தது இங்கேதான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவானது. 2017 பிப்ரவரியில் வாட்ஸ்அப் 'ஸ்டேட்டஸ்' வசதி வந்தது. பல ஆண்டுகள் அதில் ஒரு காணொளிக்கு அரை நிமிடமே எல்லை. அந்த எல்லைக்குள் பல்லவி அடங்கும், அல்லது சரணத்தின் இரண்டு வரிகள் அடங்கும். பாட்டின் கதை அடங்காது. கறுப்புத் திரையில் பாடல் வரி எழுத்தெழுத்தாய்த் தோன்றும் பாணி அப்போது தழைத்தது. சொல் கடைசியாக ஆட்சி செய்த இடம் அது.

இன்றைய 'எடிட்'டில் பெரும்பாலும் பாட்டே இல்லை. பின்னணி இசை மட்டும் உண்டு. கைப்பேசிச் செயலியில் ஒலியின் அலைவடிவத்தைப் பார்த்து, அடி விழும் இடங்களைக் குறித்துக்கொண்டு வெட்டுகிறார்கள். காட்சி மெல்ல இழுபட்டு, அடி விழுந்ததும் பாய்கிறது. நாயகன் திரும்பிப் பார்ப்பதே நிகழ்ச்சி. தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் பெருமிதம் ஒன்றே அரியணையில் அமர்ந்திருக்க, காதல் தோல்வித் தொகுப்புகளில் அழுகை ஓரமாய் நிற்கிறது. மருட்கைக்கும் இளிவரலுக்கும் அங்கே அதிக இடமில்லை.

இதைச் சீரழிவு என்று கூற நாம் விரும்பவில்லை. கரணமும் சொல்லற்றதே, அதைக் கல்லில் நிலைநிறுத்தும் அளவுக்கு நம் முன்னோர் மதித்தனர். ஆனால் கரணத்துக்குக் கல் கிடைத்தது. இத்தொகுப்புகளுக்கு என்ன கிடைத்தது? கல்யாண நாடாக்கள் கடற்கரை ஈரத்தில் பூஞ்சை பிடித்தன. மூவி மேக்கர் 2017-இல் நிறுத்தப்பட்டது. பதிப்புரிமைக் கோரிக்கைகளால் யூடியூபில் பல தொகுப்புகள் நீக்கப்பட்டன. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, பெயரறியா இளைஞர் பலரின் ஆக்கங்கள் ஒரே இரவில் இந்தியர் கண்ணுக்கு எட்டாமல் போயின.

1924 முதல் 1927 வரை உ.வே.சாமிநாதையர் இதே சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். அவர் தேடியவை பேரிலக்கியங்கள்; இவை அவ்வரிசையைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு துண்டறிக்கைகளையும் நாடக விளம்பரங்களையும் சேர்த்து வைத்தாரே, அவை அன்று யாருக்கு இலக்கியமாகப் பட்டன? இன்று அவையின்றித் தமிழ்ச் சமூக வரலாறு எழுத முடிவதில்லை.

ஆகவே கல்லூரித் தமிழ்த்துறைகள் ஒரு சிறு வேலையைத் தொடங்கலாம். மாணவர்கள் தாம் ஆக்கிய தொகுப்புகளை ஆண்டு, பாட்டு, பயன்படுத்திய செயலி ஆகிய மூன்று குறிப்புகளோடு துறையின் கணினியில் சேர்த்து வைக்கட்டும். தரம் பிரிப்பதைப் பின்வருவோர் பார்த்துக்கொள்வர். அவர்களுக்குப் பார்க்க ஏதேனும் எஞ்சியிருக்க வேண்டும், அவ்வளவே.