வீட்டுச் சமையல் புகை: உடல்நலக் கேடுகளும் குறைக்கும் வழிகளும்

விறகு, சுள்ளி, வறட்டி, பயிர்க்கழிவு, கரி, நிலக்கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றை எரித்துச் சமைக்கும்போதும் குளிர் காயும்போதும் வீட்டினுள் சேரும் புகை, வீட்டுக் காற்று மாசு எனப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலக மக்களில் சுமார் 210 கோடி பேர், அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர், இத்தகைய எரிபொருள்களைக் கொண்டே சமைக்கின்றனர். 2020ஆம் ஆண்டில் மட்டும் இப்புகையின் காரணமாக 32 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களுள் 2,37,000-க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

இப்பாதிப்பு பெரும்பாலும் கண்டறியப்படாமலே போகிறது. மூச்சிரைப்புடன் வரும் ஆணிடம் புகைப்பழக்கம் உண்டா என்று மருத்துவர் கேட்கிறார். அதே தொல்லையுடன் வரும் ஐம்பது வயதுப் பெண்ணிடம் அக்கேள்வியைக் கேட்டால் "இல்லை" என்ற விடையே கிடைக்கும். அவர் முப்பது ஆண்டுகள் அடுப்படியில் சுவாசித்த புகை நோய்க்குறிப்பில் இடம்பெறுவதில்லை. எனவே மருத்துவர் கேட்காவிட்டாலும், எந்த எரிபொருளில் எத்தனை ஆண்டுகள் சமைத்தீர்கள் என்பதைத் தாங்களாகவே தெரிவிப்பது நல்லது.

புகையில் இருப்பவை எவை?

விறகு முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியுமே பெரும்பாலும் வெளிப்படும். வீட்டு அடுப்புகளில் காற்றோட்டமும் வெப்பமும் போதாமையால் விறகு அரைகுறையாகவே எரிகிறது. அப்போது கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு முதலிய நச்சுப்பொருள்களும் நுண்துகள்களும் உண்டாகின்றன.

இவற்றுள் மிகுந்த கேடு விளைவிப்பவை பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்கள். இவற்றின் விட்டம் 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் இவற்றைத் தடுக்க இயலாததால், நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை இவை சென்று தங்குகின்றன. காற்றில் இவற்றின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. இந்தியாவின் தேசியத் தர வரம்பு 40 மைக்ரோகிராம். காற்றோட்டமற்ற சமையலறையில் விறகு எரியும் நேரத்தில் இவ்வளவு பல நூறு மைக்ரோகிராமை எளிதில் எட்டுகிறது.

உண்டாகும் நோய்கள்

வீட்டுப் புகையால் நேரும் இறப்புகளில் இதய இரத்தக்குழாய் அடைப்பு 32 விழுக்காடும், பக்கவாதம் 23 விழுக்காடும், கீழ்ச் சுவாசப்பாதைத் தொற்று 21 விழுக்காடும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் 19 விழுக்காடும், நுரையீரல் புற்றுநோய் 6 விழுக்காடும் ஆகும். புகை நுரையீரலை மட்டுமே பாதிக்கும் என்பது பரவலான எண்ணம். உண்மையில் இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை இதயம், மூளை ஆகியவற்றின் இரத்தக்குழாய்கள் பாதிக்கப்படுவதால் நேர்கின்றன.

இவற்றுடன் கண் எரிச்சல், கண்புரை, குறைந்த எடையுடன் குழந்தை பிறத்தல் ஆகியவையும் புகையுடன் தொடர்புடையவை. வீட்டினுள் நிலக்கரி எரிப்பதால் எழும் புகையை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருளாகவும், விறகு முதலியவற்றின் புகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதத்தக்க பொருளாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது.

சமைக்கும் பெண்கள், அவர்தம் இடுப்பிலும் மடியிலும் இருக்கும் குழந்தைகள், கருவுற்ற தாய்மார்கள், வீட்டிலேயே இருக்கும் முதியோர் ஆகியோர் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர். குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால், உடல் எடைக்கு ஒப்பிடுகையில் மிகுந்த அளவு புகையை உள்ளிழுக்கின்றனர்.

இந்தியாவின் அனுபவம்

புகை குறைந்த அடுப்புகளை வழங்கும் தேசியத் திட்டம் இந்தியாவில் 1983இல் தொடங்கி 2002 வரை நடைபெற்றது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. எனினும் பல அடுப்புகள் விரைவில் விரிசல் கண்டன. புகைபோக்கிகள் தூர்வாரப்படாமல் அடைபட்டன. வீட்டிலிருந்த பாத்திரங்களுக்கு அடுப்பின் வாய் பொருந்தாத இடங்களில் மக்கள் பழைய அடுப்புக்கே திரும்பினர். அடுப்பை வழங்குவது மட்டும் போதாது, அது அன்றாடம் பயன்பட வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைத்த பாடம்.

2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி உஜ்வலா திட்டம், ஏழைக் குடும்பப் பெண்களின் பெயரில் சமையல் எரிவாயு இணைப்பை வழங்கி வருகிறது. தூய எரிபொருளில் சமைக்கும் குடும்பங்கள் 2015-16இல் 43.8 விழுக்காடாக இருந்து, 2019-21இல் 58.6 விழுக்காடாக உயர்ந்ததாகத் தேசியக் குடும்பநல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் ஊரகப் பகுதிகளில் இது பாதியை எட்டவில்லை.

இணைப்பு இருந்தும் விறகடுப்பு அணையாத வீடுகள் பல உள்ளன. அடுத்த சிலிண்டருக்கான பணம் ஒரே தவணையில் தேவைப்படுகிறது. சுள்ளியோ காசின்றிக் கிடைக்கிறது. ஆகவே தேநீரும் அவசரச் சமையலும் எரிவாயுவிலும், சோறும் குளிக்க வெந்நீரும் மாட்டுத் தீவனமும் விறகிலும் என்று வேலை பிரிந்துவிடுகிறது. இவ்வாறு இரண்டையும் பயன்படுத்தும் வீட்டில் புகையின் அளவு எதிர்பார்த்தபடி குறைவதில்லை.

ஆய்வுகள் கூறுவது என்ன?

குவாத்தமாலாவின் மலைப்பகுதியில் நடைபெற்ற ஆய்வில், புகைபோக்கி அமைந்த விறகடுப்பு வழங்கப்பட்ட வீடுகளில் குழந்தைகள் சுவாசித்த கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நிமோனியாவின் மொத்த எண்ணிக்கையில் உறுதியான குறைவு காணப்படவில்லை. கடுமையான நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மலாவி நாட்டில் விசிறி பொருத்திய நவீன விறகடுப்புகளை வழங்கிய ஆய்வில் நிமோனியா குறையவில்லை. தீக்காயங்கள் மட்டும் குறைந்தன.

இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் கருவுற்ற பெண்கள் ஏறத்தாழ 3,200 பேருக்கிடையே நடைபெற்ற ஆய்வின் இந்தியப் பகுதி தமிழ்நாட்டில் மேற்கொள்ளப்பட்டது. எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகப் பெற்ற பெண்கள் சுவாசித்த நுண்துகள் அளவு சுமார் 70 மைக்ரோகிராமுக்குப் பதிலாக 24 மைக்ரோகிராமாக இருந்தது. எனினும் குழந்தைகளின் பிறப்பு எடையிலும் கடுமையான நிமோனியாவிலும் தெளிவான வேறுபாடு தென்படவில்லை.

இம்முடிவுகளைக் கொண்டு எரிவாயுவால் பயனில்லை என்று கருதுவது தவறாகும். நிமோனியாவிற்கும் குறைந்த பிறப்பு எடைக்கும் சத்துக்குறைவு, தொற்று எனப் பல காரணங்கள் உள்ளன. நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய் போன்றவை பல ஆண்டுகளில் உருவாகுபவை; ஒன்றரை ஆண்டு ஆய்வில் அவற்றின் குறைவை அளக்க இயலாது. எனவே புகையைக் குறைப்பதுடன் தாய்ப்பால், சத்துணவு, தடுப்பூசிகள் ஆகியவற்றையும் கைவிடாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

எந்த எரிபொருளைத் தேர்ந்தெடுப்பது?

மின்சார அடுப்பு, சூரிய அடுப்பு, சாண எரிவாயு, சமையல் எரிவாயு ஆகியவை வீட்டினுள் மிகக் குறைந்த மாசையே வெளியிடுகின்றன. நல்ல மின்வசதி உள்ள வீடுகளில் இண்டக்ஷன் அடுப்பை எரிவாயுவுடன் சேர்த்துப் பயன்படுத்தலாம். மாடுகள் உள்ள வீடுகளுக்குச் சாண எரிவாயு ஏற்றது. ஒரே தவணையில் பெரிய சிலிண்டர் வாங்க இயலாதவர்கள் 5 கிலோ சிலிண்டர் குறித்து முகவரிடம் கேட்டறியலாம். மண்ணெண்ணெய் அடுப்பு விறகடுப்புக்கு மாற்று அன்று. அதனைத் தவிர்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

விறகடுப்பைத் தவிர்க்க இயலாதபோது

• இயன்றவரை வெளியிலோ திறந்த தாழ்வாரத்திலோ சமைக்கவும்.
• உள்ளே சமைத்தால் எதிரெதிராக இரு திறப்புகள் இருக்கட்டும். புகைபோக்கியின் முனை கூரைக்கு மேலே செல்ல வேண்டும். உள்ளே படியும் கரியை அவ்வப்போது நீக்க வேண்டும்.
• நன்கு காய்ந்த, சிறிதாகப் பிளந்த விறகையே பயன்படுத்தவும். ஈரவிறகு மிகுந்த புகை தரும்.
• பருப்பு, பயறுகளை முன்கூட்டியே ஊறவைக்கவும். பாத்திரத்தை மூடிச் சமைக்கவும். பிரஷர் குக்கர் எரிநேரத்தைக் குறைக்கும்.
• பற்றவைக்க நெகிழிப் பை, டயர்த் துண்டு, ரப்பர் ஆகியவற்றை ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது.
• அடுப்பு எரியும்போது குழந்தைகளை அருகில் வைத்திருக்க வேண்டாம்.

உயிருக்கு ஆபத்தான இரு சூழ்நிலைகள்

நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ப் பகுதிகளில், மூடிய அறையில் கரி அடுப்பை வைத்து உறங்குவது உயிரைப் பறிக்கும். கரி கண்ணுக்குத் தெரியும் புகையின்றி எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. நிறமும் மணமும் இல்லாத இவ்வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவுடன் இணைகிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் தோன்றினால் உடனே அனைவரையும் வெளியேற்றி 108 எண்ணை அழைக்கவும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரமாகத் தேங்கும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறக்கவும். மின்விசைகளைப் போடவோ அணைக்கவோ கூடாது. வெளியே வந்து 1906 எண்ணில் தெரிவிக்கவும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், சளி, படியேறும்போது மூச்சிரைப்பு, பார்வை மங்கல் ஆகியவை இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். அங்குள்ள மருத்துவர் தேவையெனில் சளிப் பரிசோதனைக்கும் நுரையீரல் செயல்திறன் சோதனைக்கும் ஏற்பாடு செய்வார்.

குழந்தையின் மூச்சை அது அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுமையாக எண்ணவும். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது மூச்சிழுக்கும்போது கீழ் மார்பு உள்ளே ஒடுங்கினால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் இழந்த நுரையீரல் திறன் மருந்துகளால் முழுமையாகத் திரும்புவதில்லை. ஆனால் புகையிலிருந்து விலகினால் மேலும் இழக்கும் வேகத்தைக் குறைக்கலாம். ஆகவே அடுப்பை மாற்றும் செலவைக் குடும்பத்தார் அனைவரின் மருத்துவச் செலவாகவே கருதித் திட்டமிடுவது பொருத்தமானது.