கேரள மதுக்கூடங்கள்: மூடியதும் திறந்ததும்

கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்தில் வகுக்கப்படும் மதுக்கொள்கை, ஏலக்காய்க்குப் பெயர்பெற்ற எல்லை ஊரான வண்டன்மேடு வரை செல்லுபடியாகும். ஆயினும் அது எல்லாத் தரப்பினரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை.

1996 ஏப்ரல் 1 அன்று ஏ.கே.அந்தோணி அரசு சாராய விற்பனைக்குத் தடை விதித்தது. தோட்டத் தொழிலாளர் போன்ற எளியவர்களின் மது அதுவே. கள்ளுக்கடைகளும் விடுதி மதுக்கூடங்களும் தொடர்ந்து இயங்கின.

2014-இல் மதுக்கூடங்களின் முறை வந்தது. தரக்குறைவு எனக் கூறி 418 மதுக்கூடங்களின் உரிமம் அந்த ஏப்ரலில் புதுப்பிக்கப்படவில்லை. ஆகஸ்டில் உம்மன் சாண்டி அரசு, ஐந்து நட்சத்திர விடுதிகள் நீங்கலாக மற்ற மதுக்கூடங்கள் அனைத்தையும் மூட முடிவெடுத்தது. பத்தாண்டுகளில் முழு மதுவிலக்கு என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. வசதி படைத்தவருக்கு மட்டும் விலக்கா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. இது பாரபட்சம் என விடுதி உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், 2015 டிசம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் கொள்கையை உறுதி செய்தது. மூடப்பட்டவற்றுள் பல, பீர் மற்றும் ஒயின் பார்லர்களாக உருமாறின. இதற்கிடையே, உரிமப் புதுப்பிப்புக்கு லஞ்சம் பெற்றதாக எழுந்த புகாரை மறுத்துவந்த நிதியமைச்சர் கே.எம்.மாணி 2015 நவம்பரில் பதவி விலகினார்.

2017 ஜூலை முதல், இடது ஜனநாயக முன்னணி அரசின் புதிய கொள்கைப்படி மூன்று நட்சத்திர விடுதிகளுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் மீண்டும் உரிமம் கிடைத்தது. மது அருந்துவதற்கான குறைந்தபட்ச வயது 21-இலிருந்து 23 ஆக உயர்த்தப்பட்டது. சாராயத்தின் மீதான தடையை மட்டும் பின்வந்த எந்த அரசும் நீக்கவில்லை.