பழ ஈயும் உழைப்பின் பெயரும்

கொக்கட்டிச்சோலை வயலில் முல்லைக்காரர் உழைப்பால் விளைந்ததும் போடியார் நெல் என்றே பெயர் பெற்றது. விஞ்ஞான வரலாறும் இதற்கு முற்றிலும் விலக்கன்று.

பழ ஈக்குப் பிறபொருளெதிரிகள் இல்லை. பங்கசு தொற்றினால் ‘டோல்’ என்னும் சமிக்ஞைப் பாதை விழிக்கிறது. கிராம் எதிர்ப் பற்றீரியா புகுந்தால் ‘இம்ட்’ பாதை. இரண்டும் பரம்பரையலகுகளைத் தூண்டி, கிருமிகொல்லும் சிறு புரதங்களைச் சுரக்கச் செய்கின்றன. டோல் பழுதுற்ற ஈக்கள் பங்கசினால் மடிவதை 1996இல் ஸ்திராஸ்பூர்க் ஆய்வுகூடம் காட்டியது. 1998இல், எலியின் உறவுப் புரதமும் பற்றீரிய நஞ்சை உணர்வதைப் பொய்ட்லர் குழு கண்டது.

2011 நோபல் பரிசின் பாதியைப் பொய்ட்லரும், ஸ்திராஸ்பூர்க் ஆய்வுகூடத் தலைவர் ஹொஃப்மனும் பகிர்ந்தனர். 1996 கட்டுரையின் முதலாசிரியர் லெமெய்த்தர் பெயர் அதில் இல்லை. தம் பங்கு உரியவாறு மதிக்கப்படவில்லையென அவர் பகிரங்கமாக எழுதினார். மூவருக்கு மேல் பரிசைப் பகிரலாகாதென்பது விதி. ஆயின் அறிவோ கூட்டுழைப்பின் விளைச்சல். கண்டுபிடிப்பைக் கற்பிக்கும் ஆசிரியர், ஆய்வுமேசையில் உழைத்தவர் பெயரையும் மாணவர்க்குச் சொல்லட்டும்.