தேரி மணலில் ஒரு சிற்றூர்



நம் உப்பளத்துக்கு உப்பு பெயர் தந்தது. இடையன்குடிக்கோ ஆடுமாடு மேய்த்த இடையர்கள் பெயர் தந்தார்கள். திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் சூழ்ந்த இச்சிற்றூரை, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயருடைய ஊர் என்றே பலரும் அறிவார்கள்.

அவர் 1841-இல் இங்கு வந்து சேர்ந்தார். சென்னையிலிருந்து நீலகிரி வழியாக, பெரும்பகுதியும் கால்நடைப் பயணம். ஒழுங்கின்றிக் கிடந்த குடிசைகளின் இடத்தில் நேரான தெருக்களை வகுத்தார், கிணறுகள் வெட்டுவித்தார், மரங்கள் நட்டார். நாகர்கோவில் மிஷனெரி மால்ட் ஐயருடைய மகளான எலைசா அம்மையாரை 1844-இல் மணந்தார். அம்மையார் தமிழைச் சரளமாகப் பேசியவர். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, சரிகைப் பின்னலும் கற்பித்தார். (ஐயரைப் புகழ்வோர் இவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.)

பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் வேலை 1847-இல் தொடங்கியது, பிரதிஷ்டை 1880-இல்தான். முப்பத்துமூன்று ஆண்டுகள்! தாது வருஷப் பஞ்சமும் இதற்கிடையில் வந்து போயிற்று. கல்லில் கொத்தவேண்டிய வளைவு வேலைப்பாடுகளை ஐயரே களிமண்ணில் செய்து கொத்தர்களுக்குக் காட்டினார் என்று ஊரில் சொல்வார்கள்.

ஆனால் அந்த வேலை தொடங்கி இரண்டே ஆண்டுகளில், 1849-இல், அவருடைய வேறொரு நூல் வெளிவந்தது. தாம் யாரிடையே குடியிருந்தாரோ அந்தப் பனைத்தொழில் மக்களை, இன்று நாடார் எனப்படுவோரை, அறிவிலும் நிலையிலும் தாழ்த்தி அதில் எழுதியிருந்தார். அயல்நாட்டு ஆதரவாளர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதியது, ஆங்கிலம் கற்ற அம்மக்களின் பிள்ளைகள் கைக்கே வந்தது. மனம் புண்பட்டவர்களில் ஒருவர் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை. மிஷனெரிகளோடு அவருக்கு வேறு பிணக்குகளும் இருந்தன. 1857-இல் அவர் பிரிந்து சென்று, அந்நிய மிஷன்களைச் சாராத இந்து கிறிஸ்தவ சபையை நிறுவினார்.

அன்புள்ள ஊழியர் எழுதினார் என்பதால் அந்த எழுத்து நியாயமாகிவிடாது. நூற்றாண்டு மலர்களில் நாம் அதை மறைத்துவிடுவதும் நேர்மையன்று. பனையேறிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் கொடுத்த காணிக்கையும் உழைப்பும் இல்லாமல் அவ்வாலயம் எழும்பியிராது. நூலைப் பற்றிய மனக்கசப்பு நாட்டில் பரவிய ஆண்டுகளிலும் இடையன்குடியில் சுவர் உயர்ந்துகொண்டே இருந்தது.

1891 ஆகஸ்டில் கொடைக்கானலில் ஐயர் காலமானார். மலையிலிருந்து அவருடைய உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.