முதலிடத்துக்கு என்ன மரியாதை?

நல்ல டீம்தான் ஜெயிக்கும் என்கிறோம். சரி, நல்ல டீம் எது? வாரக்கணக்கில் லீக் ஆடி அதிக மேட்ச் ஜெயித்த டீமா, கடைசி ராத்திரி ஜெயித்த டீமா? இதற்குப் பதில் தேடிய கதை கொஞ்சம் பழையது.

முதலில் நம் ஹாஸ்டல் டி.வி. முன்னால் நடந்த வாக்குவாதத்திலிருந்து தொடங்குவோம். 2009 ஐ.பி.எல். போட்டியில் டெல்லி 14 ஆட்டங்களில் 10 வெற்றி, 20 புள்ளி, முதலிடம். டெக்கான் சார்ஜர்ஸ் 7 வெற்றி, 14 புள்ளி, நாலாமிடம். செமி ஃபைனலில் இரண்டும் மோதின. கில்கிறிஸ்ட் 35 பந்தில் 85 விளாசினார். டெல்லி வீட்டுக்கு, கோப்பை டெக்கானுக்கு! டெக்கான் மேல் தப்பில்லை, விதி அப்படி. மறு வருடம் 14 புள்ளியோடு மூன்றாவதாக வந்த சென்னை, 20 புள்ளி எடுத்த மும்பையை ஃபைனலில் வென்றது. அப்போது நம்மில் யாரும் நியாயம் பேசவில்லை என்பது வேறு விஷயம்!

2011-இல் விதி மாறியது. முதல் இரண்டு டீம்களும் மோதும்; ஜெயித்தால் நேரே ஃபைனல், தோற்றால் இன்னொரு சான்ஸ். மூன்றும் நாலும் மோதினால் தோற்றவர் அவுட். இது புதுச் சரக்கல்ல. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா கால்பந்து லீக் 1931-லேயே கொண்டுவந்த ஏற்பாடு. ரிச்மண்ட் கிளப்பைச் சேர்ந்த பெர்சி பேஜ் பெயரால் 'பேஜ் முறை' என்பார்கள். முதல் வருடமே வேடிக்கை! முதலிடத்து ஜீலாங், ரிச்மண்டிடம் தோற்றது. இரண்டாவது சான்ஸில் மீண்டு வந்து, ஃபைனலில் அதே ரிச்மண்டை வென்றது.

எஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். நாலு டீமும் சம பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் ஆளுக்கு 25 சதவீத வாய்ப்பு. பேஜ் முறையில் முதல் இருவருக்குத் தலா 37.5, அடுத்த இருவருக்குத் தலா 12.5. மூன்று மடங்கு வித்தியாசம்! கீழே இருப்பவருக்கும் கதவு அடைபடவில்லை. 2016-இல் மூன்றாமிடத்து ஹைதராபாத் கோப்பையையே தூக்கியது.

ஆனால் சிக்கல் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் பெரிய பள்ளம். 2024-இல் ஹைதராபாத், ராஜஸ்தான் இரண்டுக்கும் 8 வெற்றி, 5 தோல்வி, மழையில் போன ஆட்டம் 1, ஆக 17 புள்ளி. ரன்ரேட்டின் தசமத்தில் ஹைதராபாத் இரண்டாமிடம். அதுவும் முதல் ஆட்டத்தில் தோற்றது. ஆனாலும் இரண்டாவது சான்ஸில் ராஜஸ்தானையே வென்று ஃபைனல் போனது. ராஜஸ்தானுக்கு அப்படி ஒரு சான்ஸ் கிடையாது. அதே வருடம் பெங்களூரு, சென்னை இரண்டுக்கும் 14 புள்ளி. ரன்ரேட்டில் சென்னை வெளியே. அந்த ராத்திரியை நம்மவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

ரன்ரேட் பாவமா? இல்லை. சமத்தை எப்படியாவது பிரித்துத்தானே ஆகவேண்டும்! எந்த முறையும் முழு நியாயம் தராது. முன்கூட்டியே சொன்ன விதி, லீக்கில் உழைத்தவனுக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை: இந்த இரண்டும் இருந்தால் போதும்.

தம்பி தங்கைகளே, நாளை டிபார்ட்மென்ட் போட்டிகளுக்கு ஃபிக்ஸர் போடப்போவது நீங்கள்தான். லீக் முடிந்தபிறகு சீட்டுக் குலுக்கிப் போடாதீர்கள். புள்ளி சமமானால் எதைப் பார்ப்பது என்பதை முதல் டாஸுக்கு முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். தோற்றவன் "நாம சரியா ஆடலைடா" என்று போகட்டும். "ஏமாத்திட்டாங்கடா" என்று போகக்கூடாது.