வரிக் குறியீடு (பிரிட்டன்)

பிரிட்டனில் ஊழியரின் சம்பளத்திலிருந்து எவ்வளவு வருமான வரி பிடிக்க வேண்டும் என்பதை முதலாளிக்குத் தெரிவிக்கும் எண்ணும் எழுத்தும் சேர்ந்த குறி. 1944இல் தொடங்கிய ‘பிஏஒய்இ’ (PAYE) எனப்படும், சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறையின் அங்கம் இது; வரித்துறை வழங்குகிறது.

பரவலான குறியீடு 1257எல். ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரியில்லை என்பது இதன் பொருள். இரண்டு வேலை பார்ப்பவருக்கு இச்சலுகை பொதுவாக முதன்மை வேலைக்கே முழுதும் போகும். இரண்டாவதற்கு ‘பிஆர்’ (முழுச் சம்பளத்துக்கும் 20%), ‘டி0’ (40%) அல்லது ‘டி1’ (45%) வரும். ஸ்காட்லாந்தில் விகிதங்கள் வேறு. அங்கு குறியீட்டின் முன் ‘எஸ்’ சேரும்.

ஒருவர் ஓரிடத்தில் 9,000, மற்றோரிடத்தில் 6,000 பவுண்டு ஈட்டுகிறார் எனில், ‘பிஆர்’ குறியீட்டால் 1,200 பவுண்டு பிடிக்கப்படும். உண்மையில் கட்ட வேண்டியதோ 486 பவுண்டுதான். வரித்துறையிடம் கேட்டுச் சலுகையை 900எல், 357எல் எனப் பிரித்துக்கொண்டால் இந்தக் கூடுதல் பிடித்தம் நேராது. குறைந்த சம்பளக்காரருக்கு இது பெரிய தொகை; கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பப் பெறலாம். வரியைப் போலவே சம்பளத்தில் பிடிக்கப்படும் தேசியக் காப்பீட்டுத் தொகை ஒவ்வொரு வேலைக்கும் பொதுவாகத் தனியே கணக்கிடப்படும்.