குல்மார்க் போறீங்களா? பனிச்சறுக்கில் முதல்ல நிற்கக் கத்துக்கோங்க!

குளிர்கால விடுமுறைக்குக் குடும்பத்தோடு காஷ்மீரின் குல்மார்க் போறீங்களா? பனிச்சறுக்கில் முதல் பாடம் வேகமா போறது இல்ல, நிற்பதுதான்.

எப்படி நிற்பது?

ஸ்கீ பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகல விரியுங்கள். பீட்சா துண்டு போல வடிவம் வரும். உள்விளிம்புகள் பனியில் அழுந்தி வேகம் குறையும். முழங்காலை லேசாக மடக்குங்கள். பயத்தில் பின்னால் சாய்ந்தால் பலகை நம் பேச்சைக் கேட்காது.

எங்கே பழகுவது?

சுமார் 2,650 மீட்டர் உயரத்தில், குல்மார்க் அடிவாரத்தில் உள்ள மென்சரிவுகளில், பயிற்சியாளரோடு. குழந்தைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம்.

மேலே போகலாமா?

கேபிள் கார் 3,900 மீட்டரைத் தாண்டி அஃபர்வாட் வரை போகும். ஆனால் அங்கிருந்து சறுக்கி இறங்குவது தேர்ந்தவர்களுக்கே. 2024 பிப்ரவரியில் குல்மார்க் பனிச்சரிவில் ரஷ்யர் ஒருவர் உயிரிழந்தார். புதியவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு, கேபிள் காரிலேயே இறங்கிடுங்க.